மேடையில்தான் இருந்தது பாட்டு: கிரேட்ஃபுல் டெட்டின் அரிய பதிவுகள்

1968இல் 'கிரேட்ஃபுல் டெட்' என்ற கலிஃபோர்னியா ராக் குழு 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டைச் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிட்டது. மூன்று நிமிடம்கூட ஓடாது. அடுத்த ஆண்டு வந்த 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு மறுபடி வருகிறது. இந்த முறை 23 நிமிடம், எல்பி இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம். 1969 பிப்ரவரி 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசித்தது அது. பாடும் வரிகள் இரண்டிலும் அதே சில வரிகள்தான். மற்றதெல்லாம் வேறு. சிங்கிளை மட்டும் கேட்டவருக்கு இந்தக் குழுவை ஏன் இன்னமும் கொண்டாடுகிறார்கள் என்று விளங்காது. 23 நிமிடத்தையும் கேட்டவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூத்த ராக் குழுக்களின் 'அரிய பதிவுகள்' என்று பெட்டி பெட்டியாக வருகிற தொகுப்புகளைப் பற்றி நமக்கு ஒரு பொது எண்ணம் இருக்கிறது. நல்ல பாட்டெல்லாம் ஆல்பத்தில் போய்விட்டது, ஒதுக்கி வைத்ததைத் திரட்டி ரசிகரிடம் விற்கிறார்கள் என்பதுதான் அது. பல குழுக்கள் விஷயத்தில் இது உண்மைதான். கிரேட்ஃபுல் டெட் விஷயத்தில் கணக்கு தலைகீழாகிறது. ஆல்பங்கள்தான் ஓரமாக நிற்கின்றன. அவர்களுடைய வேலையின் பெரும்பகுதி வெளியிடப்படாத டேப்புகளில் இருந்தது. 1999 நவம்பரில் வந்த 'சோ மெனி ரோட்ஸ்' என்ற ஐந்து குறுந்தகடு பெட்டியை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

குழுவைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1965இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பாலோ ஆல்ட்டோ பக்கம் 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் தொடங்கினார்கள். கிட்டார் ஜெர்ரி கார்சியா, இன்னொரு கிட்டார் பாப் வியர், பேஸ் ஃபில் லெஷ், டிரம்ஸ் பில் க்ரூட்ஸ்மன், ஆர்கனும் ஹார்மோனிகாவும் பாட்டும் 'பிக்பென்' என்று எல்லோரும் கூப்பிட்ட ரான் மெக்கெர்னன். 1967இல் மிக்கி ஹார்ட் இரண்டாவது டிரம்மராகச் சேர்ந்தார். பெரும்பாலான பாடல்களுக்கு வரி எழுதியவர் ராபர்ட் ஹன்டர். 1995 ஆகஸ்ட் 9 அன்று கார்சியா இறந்ததும் அந்தப் பெயரில் குழு முடிவுக்கு வந்தது. 30 ஆண்டுகளில் ஸ்டூடியோ ஆல்பங்கள் 13. கச்சேரிகள் 2,300க்கு மேல். அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு ஒன்றே ஒன்று, 1987இல் வந்த 'டச் ஆஃப் கிரே'. ஆனால் ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து போனார்கள். ஒரே வாரத்தில் மூன்று நாள் கேட்டாலும் பாட்டு வரிசை திரும்ப வராது, அதே பாட்டு வந்தாலும் முந்தின நாள் போன வழியில் போகாது என்பதுதான் காரணம்.

இப்போது டேப்புக்கு வருவோம். இந்தக் குழுவின் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் பதிவு செய்துகொண்டே இருந்தார். ஆரம்பத்தில் அவர்களுடைய ஒலி அமைப்பாளர் ஔஸ்லி ஸ்டான்லி. எல்எஸ்டி போதைப்பொருள் தயாரித்ததற்காகவே உலகம் அறிந்த மனிதர், ஆனால் ஒலி விஷயத்தில் பிடிவாதமான நுணுக்கக்காரர். தன் வேலை சரியாக இருந்ததா என்று மறுநாள் கேட்டுப் பார்ப்பதற்காகவே கச்சேரிகளைப் பதிந்தார். விற்கும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. வெளியிடுவதற்காகத் தயாரித்த பதிவில் எல்லோரும் ஜாக்கிரதையாக வாசிப்பார்கள். மறுநாள் சரிபார்க்க வைத்திருந்த டேப்பில் அந்த ஜாக்கிரதை இருக்காது. பிற்காலத்தில் நாம் கேட்கிற துணிச்சலுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண் ஒலிப்பதிவாளர். 70களில் இவர் எடுத்த டேப்புகளை ரசிகர்கள் 'பெட்டி போர்ட்ஸ்' என்று தனிப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று புரிய, சவுண்ட்போர்டு பதிவின், அதாவது அரங்கின் மிக்ஸரிலிருந்து நேராக எடுக்கும் பதிவின், குறை என்ன என்று தெரிய வேண்டும். அரங்கில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அரங்கத்துக்காக மிக்ஸ் செய்கிறார். சிறிய அரங்கில் கிட்டாரும் டிரம்ஸும் மேடையிலிருந்தே உரக்கக் கேட்கும். அதனால் அவற்றை ஸ்பீக்கரில் குறைத்து, குரலைத்தான் ஏற்றிவிடுவார். அதே மிக்ஸை டேப்பில் பிடித்தால் குரல் காதைக் குத்தும், கிட்டார் எங்கோ தூரத்தில் இருக்கும். இரண்டே டிராக்கில் (ஒலித்தடத்தில்) பதிந்துவிட்டால் பிறகு பிரித்துச் சரிசெய்யவும் முடியாது. பெட்டி என்ன செய்தார் என்றால், மைக்கிலிருந்து வரும் ஒலியைத் தனியாகப் பிரித்து எடுத்து, டேப்புக்கென்றே தனி மிக்ஸ் போட்டார். அரங்கத்தில் ஓடுவது ஒன்று, ரீலில் ஏறுவது வேறொன்று. அதுவும் அந்த நேரத்திலேயே, காதை மட்டும் நம்பி. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி இவ்வளவு பேர் பெற்றதில் வாசித்தவர்களுக்கு இருக்கும் பங்கு பெட்டி கேன்டருக்கும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நாட்டின் முக்கியமான ஒலிப்பதிவுகளுக்கு வைத்திருக்கும் பட்டியலில் 2012இல் அந்தக் கச்சேரியைச் சேர்த்தது.

ஆனால் அந்த டேப்புகளுக்கு நடந்ததைக் கேட்டால் மனம் கசக்கும். வாழ்க்கை நெருக்கடியில் பெட்டி தன் ரீல்களை வாடகைக் கிடங்கு ஒன்றில் வைத்திருந்தார். வாடகை கட்ட முடியவில்லை. 1986இல் கிடங்கில் இருந்தது ஏலத்துக்குப் போனது. யார் யாரோ வாங்கினார்கள். சில ரீல்கள் ஈரத்தில் கிடந்து பாழாகும் நிலைக்கு வந்தன. அவற்றைக் காப்பாற்றியது ரசிகர்கள்தான். நைந்துபோன ரீல்களைச் சரிசெய்து, பிரதி எடுத்து, கை மாற்றிக் கை மாற்றிப் பரப்பினார்கள். கார்னெல் கச்சேரியின் மூல டேப்பே பல ஆண்டுகள் குழுவின் கையில் இல்லை. ஊரெல்லாம் கேட்ட அந்தக் கச்சேரி அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2017இல்தான், நடந்து சரியாக 40 ஆண்டு கழித்து.

ரசிகர்கள் தாங்களே மைக் எடுத்துவந்து பதிவதும் 60களின் கடைசியிலிருந்தே நடந்தது. தொடக்கத்தில் தடுத்துப் பார்த்தார்கள், பிறகு கண்டும் காணாமல் விட்டார்கள். 1984 அக்டோபரில் பெர்க்லியில் டேப் எடுப்பவர்களுக்கென்றே அரங்கத்தில் தனி இடம் ஒதுக்கினார்கள். வாசித்து முடித்த பிறகு அது கேட்டவர்களுடையது என்பது கார்சியாவின் கருத்து. விதி ஒன்றுதான்: காசுக்கு விற்கக் கூடாது. ஒருவர் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் இன்னொருவர் பதிந்து அனுப்புவார். கச்சேரியின் தேதியே அதன் பெயராகிவிட்டது. எந்தத் தேதி நல்ல தேதி, எந்தப் பதிவில் என்ன குறை என்று பேசித் தேர்ந்த ஒரு கூட்டம் இப்படித்தான் உருவானது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் டிக் லாட்வாலா. ஹவாயில் இருந்துகொண்டு டேப் சேகரித்தவர். 80களின் நடுவில் குழு அவரையே தன் ஒலிக் கிடங்கின் பொறுப்பாளராக்கியது. முறையான ஆவணக் காப்பாளர் படிப்பு எதுவும் இல்லை. கேட்டுக் கேட்டு வந்த தேர்ச்சிதான். 1993இல் அவர் பெயரிலேயே 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசை தொடங்கியது. ஒரு கச்சேரியை இரண்டு டிராக் டேப்பிலிருந்து பெரிய ஒட்டுவேலை இல்லாமல் வெளியிடுவது அதன் வழி. முதல் வெளியீடு 1973 டிசம்பர் 19, ஃபுளோரிடாவின் டாம்பா. வரிசை 36 தொகுதிகள் வரை போனது. லாட்வாலா 1999 ஆகஸ்டில் இறந்தார். மூன்று மாதம் கழித்து 'சோ மெனி ரோட்ஸ்' கடைக்கு வந்தது.

அந்தச் சமயத்தில் பாக்ஸ் செட், அதாவது பெட்டித் தொகுப்பு, என்பது இசைத்துறையில் நிலைபெற்றுவிட்ட வியாபாரம். 1985இல் பாப் டிலனின் 'பயோகிராஃப்' 53 பாடல்களோடு வந்து அதற்கு வழி போட்டது. பிரபலமான பாட்டும் வெளிவராத பாட்டும் கலந்து, ஒரு புத்தகமும் வைத்து, நவம்பரில் வெளியிட்டால் கிறிஸ்துமஸ் பரிசாகப் போகும். கிரேட்ஃபுல் டெட்டுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. கச்சேரி வருமானத்தில் ஓடிய நிறுவனம் அது. கார்சியா போனதும் கச்சேரி நின்றது. கையில் மிஞ்சிய சொத்து கிடங்கில் இருந்த டேப்புதான். பணத்துக்காகத்தான் பெட்டி வந்தது என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. அந்தப் பணத் தேவையை வைத்துக்கொண்டு எப்படிப்பட்ட பெட்டி செய்தார்கள் என்பதுதான் நான் கவனிப்பது.

தேர்வை மூன்று பேரிடம் கொடுத்தார்கள்: டேவிட் கேன்ஸ், பிளேர் ஜாக்சன், ஸ்டீவ் சில்பர்மன். கேன்ஸ் இந்தக் குழுவின் இசைக்கென்றே வானொலி நிகழ்ச்சி நடத்துபவர். மற்ற இருவரும் எழுத்தாளர்கள், ஆண்டுக்கணக்காகக் குழுவைக் கேட்டு எழுதியவர்கள். மூவரும் முதலில் ரசிகர்கள். பதிவு நிறுவனத்தின் விற்பனை ஆட்கள் தேர்ந்திருந்தால் 'டச் ஆஃப் கிரே', 'டிரக்கின்' என்று எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளின் நேரலைப் பதிவாக அடுக்கியிருப்பார்கள். இவர்கள் வேறு பாதையில் போனார்கள்.

முதல் தகடு 1965 நவம்பர் 3 அன்று தொடங்குகிறது. அன்று அவர்கள் 'எமர்ஜென்சி க்ரூ' என்ற பெயரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் ஸ்டேட் ரெக்கார்டர்ஸ் ஸ்டூடியோவுக்குப் போய், ஆட்டம் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காக மாதிரிப் பதிவு செய்தார்கள். நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டால் ஏன் என்று புரியும். அந்தக் காலத்துக் கலிஃபோர்னியாவில் தெருவுக்கு ஒரு குழு இப்படி வாசித்துக்கொண்டிருந்தது. டிலன் போலப் பாடவும் ரோலிங் ஸ்டோன்ஸ் போல ஒலிக்கவும் முயல்கிற இளைஞர்கள். ஆனால் அதே தகட்டில் கொஞ்சம் தள்ளி 1968க்கு வந்தால் 'டார்க் ஸ்டார்', 'சைனா கேட் சன்ஃபிளவர்', 'தி இலெவன்' மூன்றும் இடைவெளி விடாமல் ஒன்றிலிருந்து ஒன்றாக விரிகின்றன. நடுவில் மூன்று ஆண்டுகூட முழுசாக ஆகவில்லை. அவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு குழு இவ்வளவு தூரம் வந்ததை ஆல்பங்களை வரிசையாக வைத்துக் கேட்டாலும் இப்படி உணர முடியாது. அந்த மாதிரிப் பதிவு எந்த ஆல்பத்திலும் இருந்ததில்லையே.

'தி இலெவன்' பெயருக்கேற்ப பதினோரு எண்ணிக்கையில் போகும் பாட்டு. ராக் இசையில் நான்கை விட்டு வெளியே போனவர்களே அன்று குறைவு. இங்கே நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்மையாகவே இருக்கிறது. மிக்கி ஹார்ட் தபேலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்து அவரிடமிருந்து கற்றவர். தாளத்தை இப்படியெல்லாம் கூட்டிப் பிரிக்கலாம் என்ற எண்ணத்தை அங்கிருந்துதான் குழுவுக்குக் கொண்டுவந்தார். பின்னால் அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனோடு சேர்ந்து 1976இல் ஒரு தாள வாத்தியக் குழுவாகப் பதிவு செய்தார். 1991இல் ஹார்ட் உருவாக்கிய 'பிளானெட் டிரம்' ஆல்பத்தில் நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் வாசித்தார். உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலில் கொடுத்தபோது அந்த ஆல்பத்துக்குத்தான் கிடைத்தது. நம் காதுக்குப் பதினோரு எண்ணிக்கை அன்னியமில்லை. அதனால் 'தி இலெவன்' கேட்கும்போது தொடையில் தாளம் போட்டபடி கேளுங்கள். லெஷின் பேஸ் எங்கே எண்ணிக்கையோடு ஒட்டுகிறது, எங்கே வேண்டுமென்றே விலகுகிறது என்று தெரியும்.

இரண்டாம் தகட்டில் இருக்கும் ஒரு சிறு துண்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெயர் 'பியூட்டிஃபுல் ஜாம்'. முன்கூட்டி எழுதாமல் எல்லோரும் சேர்ந்து அந்த நேரத்திலேயே உருவாக்கி வாசிப்பதுதான் ஜாம். குழு வைத்த பெயர் அல்ல. டேப் மாற்றிக்கொண்ட ரசிகர்கள் அப்படிக் குறித்துக்கொண்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. 1971 பிப்ரவரி 18, நியூயார்க் மாநிலத்தின் போர்ட் செஸ்டர் என்ற ஊர், கேப்பிட்டல் தியேட்டர். அன்று 'டார்க் ஸ்டார்' வாசிக்கத் தொடங்கி, நடுவில் 'வார்ஃப் ராட்' என்ற புதுப் பாட்டை முதல்முறையாக மேடையேற்றினார்கள். ஒரு குடிகாரக் கிழவனின் கதை அது, கனத்த பாட்டு. அது முடிந்து மறுபடி 'டார்க் ஸ்டாரு'க்குள் போகும்போது கார்சியா ஒரு எளிய மெட்டைப் பிடிக்கிறார். யாரும் எழுதி வைத்ததல்ல. வியர் அதன் கீழே கிட்டாரின் சுரக்கூட்டுகளை மாற்றிக் கொடுக்கிறார், லெஷ் ஏறி வருகிறார், சில நிமிடம் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். பிறகு அது கலைந்துவிடுகிறது. மறுபடி அதை வாசிக்கவேயில்லை.

அந்த இரவுக்கு ஒரு பின்னணி உண்டு. மிக்கி ஹார்டின் அப்பா லென்னி ஹார்ட் குழுவின் மேலாளராக இருந்தபோது குழுவின் பணத்தைக் கையாடிவிட்டு ஓடியிருந்தார். குழுவினர் மகன்மீது பழி போடவில்லை. ஆனாலும் அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கச்சேரியோடு விலகினார். திரும்பி வரச் சில ஆண்டுகள் ஆயின. இது தெரிந்து கேட்டால் அந்த இசை இன்னும் நெகிழ்த்தும். தெரியாமல் கேட்டாலும் ஒன்றும் குறையாது.

இங்கே பெட்டியின் மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்தச் சில நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். முன்னால் இருந்த 'வார்ஃப் ராட்'டின் கனம் இல்லாமல் கேட்கும்போது அது ஓர் அழகான மெட்டு, அவ்வளவுதான். அந்தக் கனத்திலிருந்து வெளியே வரும்போதுதான் அதன் வெளிச்சம் முழுசாகத் தெரியும். 2020இல் 'அமெரிக்கன் பியூட்டி' ஆல்பத்தின் 50ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் கச்சேரி முழுவதையும் சேர்த்துவிட்டார்கள். முதலில் அதைக் கேட்பது நல்லது.

இதற்கு நேர்மாறாக, வெட்டி எடுத்தும் முழுமை குறையாத துண்டு 'வாட்கின்ஸ் க்ளென் சவுண்ட்செக் ஜாம்'. 1973 ஜூலை 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் கார்ப் பந்தயத் திடலில் ஆல்மன் பிரதர்ஸ், தி பேண்ட், கிரேட்ஃபுல் டெட் மூன்று குழுக்களுக்கும் ஒரே நாள் கச்சேரி. ஆறு லட்சம் பேர் வந்ததாகச் சொல்வார்கள். முந்தின நாளே கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்பீக்கர் சரிபார்க்க மேடையேறிய குழு, சரிபார்ப்பையே கச்சேரியாக்கிவிட்டது. டிக்கெட்டில் போட்ட நிகழ்ச்சி நாளைக்குத்தான், இன்று சரியாக வராவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அந்த நிம்மதியில் பிறந்த இசை இது. பாட்டு எதுவும் இல்லை, பாடுபவரும் இல்லை. அப்போது குழுவில் இருந்த கீத் காட்ஷோவின் பியானோ ஒரு பக்கம், கார்சியா ஒரு பக்கம், நடுவில் லெஷ். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு மெட்டு மெல்ல உருவாகி, திடமாகி, ஆடத்தக்க வேகத்துக்கு வருவதை நிமிடம் நிமிடமாகக் கேட்கலாம். இந்தக் குழுவைப் புதிதாகக் கேட்பவருக்கு ஒரே ஒரு பதிவைக் கொடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

நடுத் தகடுகளில் வேகமாகப் போய்விடலாம். 70களின் பின்பாதிப் பதிவுகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அந்தக் காலத்துக் கச்சேரிகள் முழுசாக நிறையக் கிடைப்பதால் பெட்டியில் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. 80களின் தொடக்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. பல இரவுகள் சாதாரணக் கேசட்டில் மட்டும் பதியப்பட்டவை. பிறகு பீட்டா வீடியோ கேசட்டில் டிஜிட்டலாகப் பதியத் தொடங்கினார்கள். தொழில்நுட்பம் முன்னேறியது, ஆனால் 1977 ரீலில் இருக்கும் ஒலியின் கனம் அந்தப் பதிவுகளில் இல்லை. 1988இல் இரண்டே முறை மேடையில் வாசித்துவிட்டுக் கைவிட்ட 'ஜென்டில்மென் ஸ்டார்ட் யுவர் எஞ்சின்ஸ்' பாட்டையும் சேர்த்திருக்கிறார்கள். சுமாரான பாட்டுதான். கைவிட்டதும் சரிதான். ஆனாலும் ஒரு குழு எதை முயன்று பார்த்தது என்பதும் வரலாறு, அந்த வகையில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

ஐந்தாம் தகடுதான் இந்தப் பெட்டி இருந்தே ஆக வேண்டியதற்கான காரணம். குழுவின் கடைசி ஸ்டூடியோ ஆல்பம் 1989இல் வந்த 'பில்ட் டு லாஸ்ட்'. அடுத்த ஆண்டு கீபோர்டு வாசித்த ப்ரென்ட் மிட்லண்ட் இறந்தார். அதன் பிறகும் புதுப் பாட்டுகள் வந்தன: 'லேஸி ரிவர் ரோட்', 'லிபர்ட்டி', 'எட்டர்னிட்டி', 'டேஸ் பிட்வீன்', அப்புறம் பெட்டிக்குப் பெயர் கொடுத்த 'சோ மெனி ரோட்ஸ்'. எல்லாம் மேடையில் வாசித்தவை. ஆனால் ஆல்பமாக முடிக்கவில்லை. கார்சியாவின் உடல்நிலை இடம் கொடுக்கவில்லை, காலமும் கொடுக்கவில்லை. ஆக, அந்தக் கடைசி ஆல்பம் எப்படி இருந்திருக்கும் என்று 1999இல் ஒருவர் கேட்டிருந்தால் இந்தத் தகட்டைத்தான் காட்டியிருக்க முடியும். ஒத்திகையில் வாசித்த பதிவுகளும் இதில் உண்டு. அதில் கார்சியா 'விஸ்கி இன் தி ஜார்' என்ற பழைய அயர்லாந்து நாட்டுப்பாட்டைப் பாடுகிறார். குழுவின் கச்சேரி மேடைக்கு அது வந்ததில்லை. குழுவோடு உட்கார்ந்து சந்தோஷத்துக்குப் பாடியது.

கடைசிப் பதிவு 1995 ஜூலை 9, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட், குழுவின் கடைசிக் கச்சேரி. சரியாக ஒரு மாதத்தில் கார்சியா இறந்துவிட்டார். அந்த ஆண்டுக் கச்சேரிகள் பொதுவாக நன்றாக இருக்காது. வரிகள் மறந்துபோகும், கிட்டார் தடுமாறும். அன்றைய 'சோ மெனி ரோட்ஸ்' பாட்டிலும் குரல் தேய்ந்துதான் இருக்கிறது. ஆனால் முடிவுப் பகுதியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது அவர் எங்கிருந்தோ பலத்தைத் திரட்டுகிறார். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மேலே போக முயல்கிறார். குரல் உடைகிறது, நிறுத்தவில்லை. நல்ல பதிவு வேண்டும் என்று தேடியிருந்தால் இதே பாட்டின் முந்தைய ஆண்டுப் பதிவுகளில் சுத்தமானது கிடைத்திருக்கும். இதை எடுத்தார்கள். அந்த மூவரின் காதை நான் முழுசாக நம்பத் தொடங்கியது இந்தத் தேர்வினால்தான்.

1999க்குப் பிறகு பெட்டிகளின் கணக்கே மாறிவிட்டது. 2006இல் குழுவின் கிடங்கு ரைனோ என்ற இசைப்பதிவு நிறுவனத்தின் பொறுப்புக்குப் போய், டேப்புகள் தென் கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரத்துக்கு இடம் மாறின. லாட்வாலாவுக்குப் பிறகு வந்த டேவிட் லெமியூ தேர்வைப் பார்த்துக்கொள்கிறார். 2011இல் 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளும் 73 தகடுகளாக ஒரே பெட்டியில் வந்தன. 2015இல் '30 டிரிப்ஸ் அரவுண்ட் தி சன்': 1966 முதல் 1995 வரை ஆண்டுக்கு ஒரு முழுக் கச்சேரி, 80 தகடுகள், 6,500 பிரதிகள் மட்டும். கூடவே ஒரு சிறு வினைல் தட்டு. அதன் ஒரு பக்கம் 1965 மாதிரிப் பதிவிலிருந்து ஒரு பாட்டு, மறுபக்கம் கடைசிக் கச்சேரியின் கடைசிப் பாட்டான 'பாக்ஸ் ஆஃப் ரெய்ன்'.

இவ்வளவு டேப்பைக் கேட்கும் நிலைக்குக் கொண்டுவருவதே பெரிய வேலை. 70களின் நடுவிலிருந்து தயாரித்த சில வகை டேப்புகளில் காந்தத் தூளை ஒட்டிவைக்கும் பசை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் கிரீச்சிடும், தூள் உரிந்து கருவியின் தலையில் ஒட்டும், பதிவே போய்விடும். அதனால் ரீலை ஐம்பது டிகிரிக்குச் சற்று மேல் சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை வெளியேற்றுவார்கள். அதன் பிறகு கிடைக்கும் சிறிது காலத்துக்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். அன்று பதிந்த கருவியின் வேகம் சீராக இல்லாமல் சுருதி ஆடியிருந்தால், அதையும் இப்போது மென்பொருள் வைத்து நேராக்குகிறார்கள். அரிய பதிவுப் பெட்டிகளின் விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றக் குழுக்களின் பழைய டேப்புகள் இப்போது இவ்வளவு வேகமாக வெளிவருவதற்கு இன்னொரு காரணம் ஐரோப்பியச் சட்டம். அங்கே வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலத்தை 50லிருந்து 70 ஆண்டாக நீட்டினார்கள். வெளியிடாமல் வைத்திருந்தால் 50 ஆண்டோடு உரிமை போய்விடும். அதனால்தான் 2013 டிசம்பரில் பீட்டில்ஸின் 1963 பதிவுகள் திடீரென ஐடியூன்ஸில் வந்தன. அந்த வகை வெளியீட்டில் யாருடைய காதும் இருக்காது. தேதி நெருங்குகிறது, எடுத்துப் போடு என்பதுதான்.

சரி, 80 தகட்டுப் பெட்டி இருக்கும்போது ஐந்து தகடு எதற்கு? இணையத்தில் ரசிகர்கள் ஏற்றிய ஆயிரக்கணக்கான பதிவுகள் ஏற்கெனவே கிடைக்கின்றன. 2005 இறுதியில் குழு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையச் சேகரிப்பிலிருந்து அவற்றை எடுக்கச் சொல்லி, ரசிகர்கள் கொதித்தெழ, பார்வையாளர் பதிவுகளைத் தரவிறக்கலாம், சவுண்ட்போர்டு பதிவுகளைக் கேட்க மட்டும் செய்யலாம் என்று சமரசம் ஆனது. எல்லாம் கிடைக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் புதியவர் திகைத்து நிற்கிறார். 73 தகட்டுப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இடம் பிடித்தவர்களுக்கானது. வாசல் கதவு 'சோ மெனி ரோட்ஸ்'தான். முப்பது ஆண்டை ஆறேழு மணி நேரத்துக்குள் கொண்டுவர யாரோ நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்டு, பிடித்ததையெல்லாம் விட்டுக்கொடுத்து, சண்டை போட்டு முடிவெடுத்திருக்க வேண்டும். முழுசாக அள்ளிக் கொடுப்பதைவிட அது கடினமான வேலை. நான் அதற்குத்தான் அதிக மதிப்பு வைக்கிறேன்.

எந்தப் பெட்டியிலும் இன்னும் வராத இரவுகளும் உண்டு. 1970 ஜூன் 24 அன்று அதே கேப்பிட்டல் தியேட்டரில் நடந்த கச்சேரியை இந்தக் குழுவின் மிகச் சிறந்த இரவுகளில் ஒன்றாக ரசிகர்கள் பேசுவார்கள். இன்று வரை கையில் இருப்பது கூட்டத்தில் உட்கார்ந்து யாரோ பிடித்த பதிவு மட்டும். ஒலி மங்கல், சுற்றிலும் ஆட்களின் சத்தம். அதைக் கேட்க வேண்டுமானால் ரசிகர்களின் சேகரிப்புக்குத்தான் போக வேண்டும். வாட்கின்ஸ் க்ளென்னில் தொடங்கி, ஐந்தாம் தகட்டை முடித்து, அதன் பிறகு போங்கள். அதற்குள் மங்கல் ஒலிக்குள்ளும் லெஷின் பேஸைத் தனியாகப் பிடித்துக்கொள்ள காது பழகியிருக்கும்.